கடலில் கழியும் நாட்களும் கரையில் கழியும் நாட்களும்

பண்டிகைக் காலம் நெருங்கும்போதெல்லாம் புறக்கோட்டைக் கடைவீதிகளில் ஒரு வாசகம் தவறாது காதில் விழும். "சாமான் கப்பலில் வந்துகொண்டிருக்கிறது" என்பதே அது. கடைக்காரர் வாடிக்கையாளருக்கும், மொத்த வியாபாரி கடைக்காரருக்கும், இறக்குமதியாளர் மொத்த வியாபாரிக்கும் இதே பதிலையே கூறுகின்றனர். பெரும்பாலும் அவர்கள் பொய் சொல்வதில்லை. பொருட்கள் உண்மையாகவே வந்துகொண்டுதான் இருக்கின்றன. ஆனால் அவை எங்கே நிற்கின்றன, எப்போது கைக்குக் கிட்டும் என்பதை அவர்களாலேயே உறுதியாகக் கூற முடிவதில்லை என்பதுதான் பிரச்சினையாகும்.

எமது நாடு ஒரு தீவு. நாம் உண்ணும் பருப்பும் கோதுமையும், குழந்தைகளுக்குக் கொடுக்கும் பால்மாவும், வைத்தியசாலைகளில் வழங்கப்படும் மருந்துகளும், ஆடைத் தொழிற்சாலைகளுக்கு வேண்டிய துணியும் பெரும்பாலும் கடல் வழியாகவே வந்து சேர்கின்றன. எனவே, ஒரு கொள்கலன் வந்துசேர எத்தனை நாட்களாகும் என்ற கேள்வி இறக்குமதியாளரை மாத்திரம் சார்ந்ததன்று. தாமதத்துக்கான விலையை இறுதியில் செலுத்துபவர் நுகர்வோரே. ஆகையால் இவ்விடயத்தைச் சற்று விரிவாக நோக்குவது பொருத்தமானதென நாம் கருதுகின்றோம்.

முதலில் தூரத்தைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். மணிக்கு 14 கடல்மைல் வேகத்தில் செல்லும் ஒரு கப்பல் நாளொன்றுக்கு 336 கடல்மைல் தூரத்தைக் கடக்கும். சிங்கப்பூரிலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ 1,570 கடல்மைல். அதாவது, ஐந்து நாட்களுக்குச் சற்றுக் குறைவான பயணம். சீனாவின் ஷங்காய் துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ 3,800 கடல்மைல். இதற்கு 11 அல்லது 12 நாட்கள் தேவை. தமிழகத்தின் தூத்துக்குடியிலிருந்து வருவதானால் ஓர் இரவுப் பயணமே போதுமானது. நெதர்லாந்தின் ரொட்டர்டாம் துறைமுகத்திலிருந்து சுயெஸ் கால்வாய் வழியாக ஏறத்தாழ 6,800 கடல்மைல். இதற்கு 20 நாட்கள் செல்லும். முகவர்கள் இறக்குமதியாளரிடம் முதலில் கூறுவது பெரும்பாலும் இந்தக் கணக்கை ஒட்டிய ஒரு காலத்தையே.

ஆயினும், கப்பல் என்பது வாடகைக்கு அமர்த்திய மோட்டார் வண்டியன்று. அது வழித்தடப் பேருந்தைப் போன்றது. வழியிலுள்ள துறைமுகங்களிலெல்லாம் நின்று, இறக்கி ஏற்றியே அது செல்லும். அத்துடன், எல்லாத் துறைமுகங்களிலிருந்தும் கொழும்புக்கு நேரடிச் சேவை இல்லை. அவ்வாறான இடங்களிலிருந்து வரும் கொள்கலன், சிங்கப்பூர் போன்ற ஒரு மையத் துறைமுகத்தில் இறக்கப்பட்டு வேறொரு கப்பலுக்காகக் காத்திருக்க வேண்டும். கொள்கலன் சேவைகள் பெரும்பாலும் வாரத்துக்கு ஒரு தடவையே இடம்பெறுகின்றன. ஆகவே, ஒரு மணி நேரத் தாமதத்தினால் இணைப்புக் கப்பலைத் தவறவிட்டால் இழப்பது ஒரு மணி நேரத்தையன்று; ஏழு நாட்களை. 2024 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் நெரிசல் ஏற்பட்டு, கப்பல்கள் நங்கூரமிட்டுப் பல நாட்கள் காத்திருந்தபோது இந்நிலையை இறக்குமதியாளர்கள் நேரிற் கண்டனர்.

முழுக் கொள்கலனை நிரப்ப இயலாத சிறு வர்த்தகரின் நிலை இதனிலும் சிரமமானது. பலருடைய பொருட்கள் ஒரே கொள்கலனில் சேர்த்து அனுப்பப்படுவதால், அது நிரம்பும் வரை ஏற்றுமிடத்தில் காத்திருக்க வேண்டும். கொழும்பை அடைந்த பின்னரும் அது களஞ்சியத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு, திறக்கப்பட்டு, அவரவர் பொருட்கள் பிரிக்கப்பட வேண்டும். இந்த இரு முனைகளிலுமாக ஒரு வாரமோ அதற்கு மேலோ கழிந்துவிடுவது வழமையானதே.

கப்பல் புறப்படுவதற்கு முன்னர் கழியும் காலத்தைப் பலர் கணக்கிற் சேர்ப்பதில்லை. பொருள் தொழிற்சாலையில் தயாராக வேண்டும். கப்பலில் இடம் பதிவுசெய்யப்பட வேண்டும். வெற்றுக் கொள்கலன் கிடைக்க வேண்டும். கப்பல் புறப்படுவதற்குச் சில நாட்களுக்கு முன்னரே அது துறைமுகத்தில் ஒப்படைக்கப்பட வேண்டும். கப்பலில் உள்ள இடத்திலும் அதிகமாகப் பதிவுகளைக் கம்பனிகள் ஏற்றுக்கொள்வதுண்டு. அவ்வேளைகளில் சில கொள்கலன்கள் கரையிலேயே விடப்பட்டு அடுத்த வாரக் கப்பலுக்குத் தள்ளப்படுகின்றன. சரக்குக் குறைவாக உள்ள வாரங்களில் ஒரு பயணமே இரத்துச் செய்யப்படுவதும் உண்டு. சீனப் புத்தாண்டை ஒட்டி ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் அங்குள்ள தொழிற்சாலைகள் வாரக்கணக்கில் மூடப்படுகின்றன. சித்திரைப் புத்தாண்டு வியாபாரத்துக்குப் பொருள் வேண்டுவோர் அதற்கு முன்னரே பொருளைக் கப்பலேற்றத் தவறினால், புத்தாண்டு முடிந்த பின்னரே பொருளைக் காண நேரிடலாம்.

கடற்பாதையும் எப்போதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. 2021 மார்ச் 23 ஆம் திகதி 'எவர் கிவன்' என்னும் இராட்சதக் கப்பல் சுயெஸ் கால்வாயின் குறுக்கே சிக்கியதால் ஆறு நாட்கள் அப்பாதை மூடப்பட்டது. பின்னர் 2023 நவம்பர் முதல் யேமனின் ஹூதி இயக்கத்தினர் செங்கடலில் வர்த்தகக் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியதையடுத்து, பெரிய கப்பல் கம்பனிகள் பலவும் தமது கப்பல்களை ஆபிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றித் திருப்பிவிட்டன. ரொட்டர்டாமிலிருந்து கொழும்புக்கு அவ்வழியாக வருவதானால் தூரம் ஏறத்தாழ 10,500 கடல்மைல். மேலே நாம் குறிப்பிட்ட வேகத்தில் 31 நாட்கள். அதாவது, பதினொரு நாட்கள் மேலதிகமாகின்றன. எரிபொருட் செலவும் கூலியும் காப்புறுதியும் இதனோடு சேர்ந்தே உயர்ந்தன.

மேலும், கப்பல்கள் முன்னர்போல் விரைந்து செல்வதுமில்லை. கப்பலின் வேகத்தை இரு மடங்காக்கினால் இயந்திரத்துக்குத் தேவைப்படும் வலு ஏறத்தாழ எட்டு மடங்காகின்றது. இதன் காரணமாக, 2008 ஆம் ஆண்டின் உலகப் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் கப்பல் கம்பனிகள் வேகத்தைக் குறைத்து எரிபொருளை மிச்சப்படுத்தும் வழக்கத்தைப் பரவலாகக் கைக்கொண்டன. கம்பனிக்கு மிச்சமாகும் எரிபொருள் இறக்குமதியாளருக்குக் கூடுதல் நாட்களாக வந்து சேர்கின்றது.

இவையெல்லாம் எமது கட்டுப்பாட்டிற்கு அப்பாற்பட்டவை. செங்கடலின் அமைதியை நாம் தீர்மானிப்பதில்லை. சீனத் தொழிற்சாலைகளின் விடுமுறையையும் நாம் தீர்மானிப்பதில்லை. ஆனால், கப்பல் கொழும்பில் நங்கூரமிட்ட பின்னர் கழியும் நாட்கள் யாருடைய பொறுப்பு என்பதே நாம் எழுப்ப விரும்பும் கேள்வி.

கொழும்புத் துறைமுகம் தெற்காசியாவின் முன்னணித் துறைமுகங்களில் ஒன்று என்பதில் ஐயமில்லை. 2018 ஆம் ஆண்டில் அது முதன்முறையாக ஓராண்டில் 70 இலட்சத்துக்கும் அதிகமான இருபது அடிக் கொள்கலன் அலகுகளைக் கையாண்டது. ஆனால் அவற்றுட் பெரும்பாலானவை இந்தியாவுக்கோ வங்காளதேசத்துக்கோ வேறு நாடுகளுக்கோ செல்லும் மீள்கப்பலேற்றக் கொள்கலன்கள். அவை துறைமுக வாயிலைக் கடப்பதேயில்லை. கப்பல்கள் விரைவாக வந்து விரைவாகச் செல்வதை வைத்து எமது துறைமுகத்தின் திறனை நாம் மெச்சுகின்றோம். அது நியாயமானதே. எனினும் உள்ளூர் வர்த்தகரின் கொள்கலன் வாயிலுக்கு வெளியே வருவதற்கு எடுக்கும் காலத்தை அந்தப் பெருமை அளவிடுவதில்லை.

கரையில் ஏற்படும் தாமதம் முதலில் கடதாசியிலேயே தொடங்குகின்றது. நாணயக் கடிதத்தின் மூலம் இறக்குமதி செய்பவர், கப்பலேற்றப் பத்திரங்கள் வெளிநாட்டு வங்கியிலிருந்து உள்ளூர் வங்கிக்கு வந்து சேரும் வரை பொருளைக் கேட்டுப் பெறமுடியாது. தூத்துக்குடியிலிருந்தோ சென்னையிலிருந்தோ வரும் பொருளைப் பொறுத்தவரை இது விந்தையான நிலையைத் தோற்றுவிக்கின்றது. கப்பல் ஓரிரு நாட்களில் வந்துவிடும். பத்திரமோ ஒரு வாரத்துக்குப் பின்னரே வரும். வங்கி உத்தரவாதம் வழங்கிப் பொருளை மீட்கும் வழி உண்டெனினும், அதற்கும் கட்டணம் செலுத்த வேண்டும்.

அடுத்து சுங்கம். பொருட்பட்டியலில் ஓர் எண்ணோ ஒரு பெயரோ பிழைத்திருந்தால் அதனைத் திருத்துவதற்கே நாட்கள் செல்லும். உணவாயின் சுகாதாரத் துறையினர், விதையாயின் தாவரத் தனிமைப்படுத்தற் பிரிவினர், தரக்கட்டுப்பாட்டுக்குட்பட்ட பொருளாயின் இலங்கைக் கட்டளைகள் நிறுவகம் என ஒவ்வொரு நிறுவனத்தினதும் அனுமதி தேவைப்படுகின்றது. பரிசோதனைக்குத் தெரிவாகும் கொள்கலன்கள் ஒருகொடவத்தை முதலான இடங்களிலுள்ள பரிசோதனை முற்றங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டு அங்கே வரிசையில் நிற்கின்றன.

2025 ஜனவரியில் நெரிசல் முற்றிய வேளையில் 323 கொள்கலன்கள் பௌதீகப் பரிசோதனையின்றி விடுவிக்கப்பட்டமை பாராளுமன்றம் வரை பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. விரைவாக விடுவித்தால் ஆபத்து, பரிசோதித்தால் நெரிசல் என்னும் இக்கட்டான நிலைக்கு ஒரு நாடு வந்து சேரக்கூடாது. நேர்மையாக நடந்துகொள்ளும் வர்த்தகரின் பொருளை விரைவாக விடுவித்து, சந்தேகத்துக்குரியதை முழுமையாகச் சோதிக்கும் வகையில் ஆளணியும் கருவிகளும் இடவசதியும் இருந்தால் மாத்திரமே வேகமும் பாதுகாப்பும் ஒன்றாகச் சாத்தியப்படும்.

தாமதத்தின் விலையை ஓர் எளிய கணக்கின் மூலம் விளங்கிக்கொள்ளலாம். ஒரு கோடி ரூபா பெறுமதியான பொருளை ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் கடன்பெற்று இறக்குமதி செய்யும் ஒருவருக்கு, நாளொன்றுக்கு ஏறத்தாழ 3,300 ரூபா வட்டி மாத்திரம் சேர்கின்றது. ஒரு மாதம் தாமதமானால் அது ஓர் இலட்சத்தை அண்மிக்கும். இலவச நாட்கள் முடிந்த பின்னர் துறைமுகக் களஞ்சிய வாடகையும், கொள்கலனைத் திருப்பித் தராமைக்காகக் கப்பல் கம்பனி அறவிடும் தாமதக் கட்டணமும் தனி. வர்த்தகர்கள் 'டிமரேஜ்' என அஞ்சும் இக்கட்டணம் டொலரிற் கணக்கிடப்படுவதுடன் நாட்கள் கூடக்கூட அதன் வீதமும் கூடுகின்றது. பெரிய கம்பனிகள் இதனைத் தாங்கிக்கொள்ளும். சிறு இறக்குமதியாளர் ஒருவர் ஒரே கொள்கலனால் முதலை இழக்கக்கூடும்.

இவை வெறும் ஊகங்களல்ல. 2021 ஆம் ஆண்டின் பிற்பகுதியிலும் 2022 இலும் டொலர் தட்டுப்பாடு நிலவியபோது, பொருட்கள் துறைமுகத்தை வந்தடைந்திருந்தும் பணம் செலுத்த வழியின்றி உணவுக் கொள்கலன்கள் தேங்கிக்கிடந்தமையை இந்நாட்டு மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். பால்மாவுக்காகத் தாய்மார் வரிசையில் நின்ற அதே நாட்களில் உணவுப் பொருட்கள் சில மைல் தூரத்தில் அடைபட்டுக் கிடந்தன.

வடக்கு, கிழக்கு மாகாணங்களின் நுகர்வோருக்கு இந்தக் காத்திருப்பு துறைமுக வாயிலுடனும் முடிவதில்லை. இந்தியக் கரைக்கு மிக அருகில் அமைந்திருந்தும், தூத்துக்குடியில் ஏற்றப்படும் பொருள் கொழும்பை அடைந்து, அங்கிருந்து ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தூரம் லொறியில் பயணித்தே யாழ்ப்பாணக் கடைகளைச் சென்றடைகின்றது. காங்கேசன்துறைத் துறைமுகப் புனரமைப்புக்கு இந்தியா நன்கொடை உதவி வழங்குவது 2024 டிசம்பரில் வெளியிடப்பட்ட இரு நாட்டுக் கூட்டறிக்கையிலும் உறுதிப்படுத்தப்பட்டது. அத்துறைமுகம் பயணிகளுக்கு மாத்திரமன்றிச் சரக்குகளுக்கும் முழுமையாகப் பயன்படுமாயின், வடபகுதியின் விலைவாசியில் அதன் பயன் தெரியவரும்.

இறக்குமதியாளர்கள் தம் பங்குக்குச் செய்யக்கூடியவையும் உண்டு. முகவர் கூறும் கடற்பயண நாட்களை மாத்திரம் நம்பாது, கட்டளையிட்ட நாள் முதல் கடைக்கு வரும் நாள் வரையிலான முழுக் காலத்தையும் கணக்கிட வேண்டும். சீனாவிலிருந்து வரும் பொருளுக்குக் கடற்பயணம் இரண்டு வாரங்களாயினும், உற்பத்தியையும் இரு கரைகளிலும் கழியும் நாட்களையும் சேர்த்தால் எட்டு முதல் பத்து வாரங்களென வைத்துக்கொள்வதே பாதுகாப்பானது. கப்பல் வருமுன்னரே பத்திரங்களைச் சரிபார்த்துச் சுங்கத்திற்குச் சமர்ப்பிப்பதும், இலவச நாட்களை முன்கூட்டியே பேசித் தீர்மானித்து எழுத்தில் பெற்றுக்கொள்வதும் பெருஞ் செலவைத் தவிர்க்கும்.

ஆனால் முதன்மையான பொறுப்பு அரசினுடையதே. உலக வர்த்தக நிறுவனத்தின் வர்த்தக வசதிப்படுத்தல் உடன்படிக்கைக்கு 2016 ஆம் ஆண்டிலேயே இலங்கை ஏற்புறுதி வழங்கியது. எல்லா அனுமதிகளையும் ஒரே இடத்திற் பெறும் ஒற்றைச் சாளர முறைமையை ஏற்படுத்த முயலுமாறும், பொருட்களை விடுவிக்க எடுக்கும் சராசரிக் காலத்தை அளந்து வெளியிடுமாறும் அந்த உடன்படிக்கை உறுப்பு நாடுகளைத் தூண்டுகின்றது. எமது சுங்கப் பணிகளுக்கு அடிப்படையாக இன்றும் விளங்குவதோ 1869 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சுங்கக் கட்டளைச் சட்டமாகும். பாய்மரக் கப்பல்களின் காலத்தில் எழுந்த ஒரு சட்டத்தைத் திருத்தித் திருத்தியே கொள்கலன் யுகத்தை நிர்வகித்து வருகின்றோம்.

ஒவ்வொரு மாதமும் கொள்கலன்கள் எத்தனை நாட்களில் விடுவிக்கப்பட்டன, எந்த நிறுவனத்தின் மேசையில் எத்தனை நாட்கள் தங்கின என்பதை மக்கள் அறிய வெளியிடுவதற்குப் பெருஞ்செலவு எதுவும் தேவையில்லை; மனமே தேவை. கடலில் கழியும் நாட்களைக் குறைக்கும் ஆற்றல் எமக்கு இல்லாதிருக்கலாம். கரையில் கழியும் நாட்களைக் குறைக்கும் ஆற்றல் நிச்சயமாக எமக்கு உண்டு. அதனைச் செய்யாதவரை, துறைமுகத்திற் கழியும் ஒவ்வொரு நாளுக்குமான விலை எமது அடுப்படியிலேயே அறவிடப்படும் என்பதைச் சம்பந்தப்பட்டவர்கள் மறந்துவிடலாகாது.