ஆரல்வாய்மொழிக் காற்றும் மணவாளக்குறிச்சிக் கருமணலும்

மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே முடிவடையும் இடத்திலுள்ள ஆரல்வாய்மொழிக் கணவாய், தென்மேற்குப் பருவக்காற்றைக் குறுகிய வாயிலுக்குள் திரட்டி அதன் வேகத்தைக் கூட்டிவிடுவதால், வைகாசி முதல் புரட்டாசி வரை முப்பந்தல் பகுதியின் காற்றாலைகள் முழு வீச்சில் சுழல்கின்றன. காற்றின் வேகம் இருமடங்கானால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகும் என்பது இயற்பியல் விதி. ஆகவே கணவாய் கூட்டித்தரும் சிறிதளவு வேகமும் மின் உற்பத்தியில் பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது. அதே கன்னியாகுமரி மாவட்டத்தில், நேர்க்கோட்டில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில், மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கருமணல் கிடக்கிறது. காற்றாலைத் தொழில்நுட்பத்தின் புதிய தலைமுறை இத்தகைய மணலில் பொதிந்துள்ள தனிமங்களையே நம்பியிருப்பதால், 'தீராத ஆற்றல்' என்னும் சொல்லை இவ்விரண்டு இடங்களையும் சேர்த்துப் பார்த்தே எடைபோட வேண்டும்.

காற்றாலையின் பெரிய இறக்கைகள் நிமிடத்துக்குப் பத்து, இருபது சுற்றுகளே சுற்றுகின்றன. வழக்கமான ஜெனரேட்டருக்கோ ஆயிரத்தை ஒட்டியோ அதற்கு மேலோ சுற்றுகள் தேவை. இந்த இடைவெளியை நிரப்புவது கியர்பாக்ஸ் எனப்படும் பற்சக்கரப் பெட்டி. முப்பந்தலின் பழைய காற்றாலைகள் பெரும்பாலும் இவ்வகையைச் சேர்ந்தவை. அவற்றின் ஜெனரேட்டர்களுக்கு நிலைக்காந்தம், அதாவது மின்சாரம் செலுத்தாமலேயே காந்தத்தன்மை மாறாதிருக்கும் பொருள், தேவைப்படவில்லை. ஆனால் பற்சக்கரங்கள் தேய்பவை, எண்ணெய் கேட்பவை. நடுக்கடலில் நிற்கும் காற்றாலையில் அவை பழுதானால் சரிசெய்யக் கப்பலும் கிரேனும் அமைதியான கடலும் ஒருசேர வாய்க்க வேண்டும். எனவே கடல்சார் காற்றாலைகள் பலவற்றில் கியர்பாக்ஸையே நீக்கிவிட்டு, நிலைக்காந்தங்கள் பதித்த, மெதுவாகச் சுழன்றாலும் மின்சாரம் தரும் ஜெனரேட்டரை இறக்கைகளோடு நேரடியாக இணைக்கின்றனர். இம்முறையில் ஒரு மெகாவாட் திறனுக்குச் சுமார் 600 கிலோ காந்தம் செலவாகிறது. அதன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நியோடிமியம் முதலிய அரிய மண் தனிமங்கள். தமிழகக் கரையையொட்டிய கடலில் 500 மெகாவாட் காற்றாலைகள் அமைப்பதற்கான நிதியுதவித் திட்டத்துக்கு ஒன்றிய அரசு 2024இல் ஒப்புதல் அளித்துள்ள நிலையில், இந்தக் கணக்கு நமக்கு அயலானது அன்று.

நியோடிமியத்தின் வரலாறும் மணவாளக்குறிச்சியின் வரலாறும் ஒரே மனிதரிடம் சந்திக்கின்றன. 1885இல் இத்தனிமத்தைப் பிரித்தெடுத்த ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் அவுவர் ஃபொன் வெல்ஸ்பாக்தான், பெட்ரோமாக்ஸ் விளக்கில் கட்டும் மேன்டிலையும் உருவாக்கினார். மேன்டிலின் வெண்ணிற ஒளிக்குத் தோரியம் தேவைப்பட்டது. தோரியம் மோனசைட் என்னும் கனிமத்தில் இருந்தது. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், அன்றைய திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டறிந்து, அதன் தடம் பற்றி மணவாளக்குறிச்சிக்கு வந்து ஆலை அமைத்தார். அன்று தோரியத்துக்காகவே தேடப்பட்ட அந்த மணலில் நியோடிமியமும் இருந்தது. ஆனால் 1982இல் ஜப்பானின் மசாடோ சகாவா நியோடிமியம், இரும்பு, போரான் மூன்றையும் கலந்து மிக வலிய காந்தத்தைச் செய்யும் வரை அதற்குப் பெரிய மதிப்பு ஏற்படவில்லை.

மணவாளக்குறிச்சிக் கரையின் மணலைக் கைநிறைய அள்ளிப் பார்த்தால் கரிய இல்மனைட்டும் செந்நிறக் கார்னெட்டும் அவற்றுக்கிடையே தேன்நிறத்தில் மோனசைட்டும் கலந்திருக்கும். ஓடும் நீரில் எடைவாரியாகவும், பின்னர் காந்தத்தாலும் உயர் மின்னழுத்தத்தாலும் இவற்றைப் பிரிக்கின்றனர். தோரியம் கதிரியக்கம் உள்ளது என்பதால் மோனசைட்டைக் கையாளும் பணி அரசு நிறுவனமான இந்திய அரிய மணல் ஆலையிடம் இருக்கிறது. மணல் அகழ்வைக் கிள்ளியூர் வட்டத்துக் கடற்கரைகளுக்கு விரிவாக்கும் திட்டத்தை மீனவ ஊர்கள் எதிர்த்துவருகின்றன. மோனசைட்டை அகற்றினால் கரையின் இயற்கைக் கதிரியக்கம் குறையும் என்றும், கனிமம் பிரித்த மணலைக் கொண்டே குழிகள் நிரப்பப்படும் என்றும் ஆதரிப்போர் கூறுகின்றனர். இந்த வாதம் புறந்தள்ளக்கூடியதன்று. ஆயினும் 2004 ஆழிப்பேரலையில் மணவாளக்குறிச்சியை அடுத்த குளச்சல் அடைந்த பேரிழப்பைக் கண்ட மக்களுக்கு, கரைமேட்டு மணல் என்பது கனிமக் கிடங்காக அல்ல, கடலுக்கும் வீட்டுக்கும் நடுவிலுள்ள அரணாகவே தெரிகிறது. அரணைத் தோண்டி மீண்டும் நிரப்பினால் அது பழைய அரணாகுமா என்ற அவர்களது கேள்விக்கு, ஆலையின் வருவாய்க் கணக்கில் விடை கிடையாது.

புதிய மணலின் தேவையைக் குறைக்க வழி இல்லாமல் இல்லை. காற்றாலையின் ஆயுள் முடிந்த பின்னும் அதன் காந்தத்திலுள்ள நியோடிமியம் குறைவதில்லை. பிரிட்டனின் பர்மிங்காம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய முறையில், பழைய காந்தங்களை ஹைட்ரஜன் வாயுவில் வைத்தால் அவை வாயுவை உறிஞ்சி விரிந்து தாமாகவே பொடியாகின்றன. அந்தப் பொடியைத் தூய்மை செய்து அழுத்திச் சுட்டால் மீண்டும் காந்தம் கிடைக்கிறது. கணினியின் ஹார்டு டிஸ்கிலும் மின்வாகன மோட்டாரிலும் இருப்பது இதே காந்தம்தான் என்பதால், பழைய இரும்புக்கடைகளில் குவியும் மின்னணுக் கழிவும் ஒரு சுரங்கமே. கடலில் காற்றாலை நடுவதற்கான ஒப்பந்தத்திலேயே அதன் காந்தங்களைத் திரும்பப் பெறும் பொறுப்பு யாருடையது என்பதையும் எழுதிவிட்டால், 25 ஆண்டுகள் கழித்து அந்த நியோடிமியத்துக்காகக் கிள்ளியூர்க் கரையைத் தேடிவர வேண்டியிராது.