மைக்கைத் தட்டினால் என்ன தெரியும்?

கல்யாண மண்டபமோ கட்சிக் கூட்டமோ, மேடையேறியவர் முதலில் மைக்கை விரலால் தட்டுவார்; இல்லையென்றால் ‘ஃபூ’ என்று ஊதுவார். அடுத்து ‘ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ’. ஸ்பீக்கரில் டொக் டொக்கென்று கேட்டுவிட்டால் பேச்சு ஆரம்பம். ஒயர் அறுந்துபோகவில்லை என்பதைத் தவிர அந்தத் தட்டலில் வேறெதுவும் தெரியாது. ஊதுவதோ கெடுதலும்கூட. ரிப்பன் வகை மைக்குக்குள் இருப்பது சில மைக்ரான் தடிமனே உள்ள அலுமினியப் பட்டை. பலமான ஊதலில் அது இழுபட்டுத் தொய்ந்துவிடும். வீட்டிலிருந்து ஆன்லைன் வகுப்பு எடுப்பவர்கள் தட்டுவதில்லை. திரையில் பச்சைக் கோடு ஆடுகிறதா என்று பார்த்துத் திருப்தியடைகிறார்கள். ஃபேன் சத்தத்துக்கும் அந்தக் கோடு ஆடும். கடைசியில் பேச்சு புரியவில்லை என்று புகார் வந்ததும் பழி மைக்கின் மேல் விழுகிறது. பெரும்பாலான நேரங்களில் கோளாறு இருப்பது மைக்கில் அல்ல. வாய்க்கும் மைக்குக்கும் நடுவே உள்ள தூரத்திலும், பேசுகிற அறையிலும்தான்.

தூரம் இருமடங்கானால் நேராக வரும் குரல் 6 டெசிபல் குறையும். பாதியானால் அதே அளவு கூடும். 60 சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் மைக்கை 15 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் குரல் 12 டெசிபல் ஏறும். சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலியும் கூரையில் சுற்றும் ஃபேனின் இரைச்சலுமோ ஏறக்குறைய பழைய அளவிலேயே இருக்கும். காசு செலவில்லாமல் குரல் மட்டும் இரைச்சலிலிருந்து எழுந்து நிற்கிறது. டைல்ஸ் தரையும் மொட்டைச் சுவருமான அறையில் பேசினால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்பதற்கு எதிரொலியே காரணம். திரைச்சீலை, மெத்தை, துணி நிறைந்த அலமாரி உள்ள அறைக்கு மாறினாலே பாதிக் குறை தீர்ந்துவிடும். அதற்காக மைக்கை வாயோடு ஒட்டவும் கூடாது. ‘ப’ வரும் இடமெல்லாம் காற்று மோதி ‘புப்’ என்று வெடிக்கும். உதட்டுக்கு நேரே வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் வைத்தால் காற்று விலகிப்போகும், குரல் தங்கிவிடும். இன்னொன்று, மேடை மைக்கின் வலைத்தலையைக் கைக்குள் பொத்திப் பிடிப்பது. முன்பக்க ஒலியை மட்டும் அதிகமாக வாங்கும்படி செய்த மைக்கின் பின்வாசல்களை அந்தக் கை அடைத்துவிடுவதால், ஸ்பீக்கர் ஒலியும் உள்ளே புகுந்து ‘கீ’ என்ற ஊளை கிளம்பும்.

விலை உயர்ந்த மைக் வாங்கினால் இந்தத் தொல்லையெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். பெல் ஆய்வுக்கூடத்தில் ஜேம்ஸ் வெஸ்ட்டும் கெர்ஹார்ட் செஸ்லரும் 1962-இல் உருவாக்கிய எலக்ட்ரெட் மைக், மலிவு விலையிலேயே பேச்சுக்குப் போதுமான தரத்தைத் தந்துவிட்டது. ஸ்டுடியோவுக்கான கண்டென்சர் மைக் இன்னும் நுட்பமாகக் கேட்கும். ஆகவே தெருவில் போகும் ஆட்டோவையும் நுட்பமாகக் கேட்கும். அதற்கு 48 வோல்ட் மின்சாரம் வேறு வேண்டும். அதைத் தரும் பொத்தானை அழுத்தாமல் ‘புது மைக் வேலை செய்யவில்லை’ என்று கடைக்குத் திருப்பி எடுத்துப்போவதும் நடக்கிறது. இரைச்சலை நீக்கும் மென்பொருள் இருக்கிறதே என்றால், ஃபேனின் ஒரே சீரான சத்தத்தை அது நன்றாகவே குறைக்கும். ஆனால் இரைச்சலோடு ஒட்டிக்கிடக்கும் ‘ச’, ‘ஸ’ போன்ற மெல்லிய ஓசைகளையும் சேர்த்து அரித்துவிடும். அளவு மீறிப் பதிவாகி முனை வெட்டுப்பட்ட குரலை முழுதாக மீட்கவும் அதனால் முடியாது.

ஆகவே சோதனை என்றால் பதிவுசெய்து கேட்பதுதான். பத்து விநாடி சும்மா இருந்துவிட்டு, வழக்கமாகப் பேசும் குரலில் நாலைந்து வாக்கியம் பேசிப் பதிவுசெய்து, ஹெட்போனில் கேட்க வேண்டும். அந்தப் பத்து விநாடி மௌனம்தான் அதிகம் காட்டிக்கொடுக்கும். ‘ம்ம்’ என்ற அடித்தொனி கேட்டால் அது பெரும்பாலும் நம் வீட்டு 50 ஹெர்ட்ஸ் மின்சாரம். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். ‘ஸ்ஸ்’ என்று இரைந்தால் மைக் தள்ளி இருக்கிறது, அதை ஈடுகட்ட ஒலியளவை ஏற்றிவைத்திருக்கிறோம். கேபிளை அசைக்கும்போது மட்டும் ‘கரகர’ என்றால் பிளக்கிலோ சாலிடரிலோ தளர்ச்சி. பேசும் பகுதியில் உரத்த சொற்கள் கிழிந்து கேட்டால் ஒலியளவைக் குறைத்து, உச்சம் மைனஸ் 12-க்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் நடுவில் நிற்கும்படி வைக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மூன்றைச் சேர்த்து மாற்றினால் எது சரிசெய்தது என்றே தெரியாது. புது மைக்கை மேசையில் வைத்துவிட்டு லேப்டாப்பின் சொந்த மைக்கில் பேசிக்கொண்டிருப்பவர்களும் உண்டு. எந்த மைக் கேட்கிறது என்று கண்டுபிடிக்க மட்டும் விரலால் மெல்லத் தட்டலாம்.

இத்தனையும் சரியாக இருந்தும் குரல் பழைய டெலிபோன்போல் ஒலித்தால் புளூடூத் ஹெட்செட்டைச் சந்தேகிக்கலாம். பாட்டுக் கேட்கும்போது இனிமையாக இருக்கும் அதே கருவி, மைக்கும் சேர்ந்து இயங்கியதும் பல வேளைகளில் அழைப்பு நிலைக்கு மாறி, விநாடிக்கு 8,000 அல்லது 16,000 மாதிரிகளாக ஒலியைச் சுருக்கிவிடுகிறது. அமைப்புகளுக்குப் போய், கேட்பதற்கு ஹெட்செட்டையும் பேசுவதற்கு லேப்டாப் மைக்கையோ ஒயர் மைக்கையோ தேர்ந்தெடுத்தால் போதும். இரண்டு பக்க ஒலியும் தெளிந்துவிடும்.