பொங்கல் சுருக்குப் பை: தைக்கும் முறையும் அதன் காரணங்களும்



தையல் செயன்முறையில் "எப்படித் தைத்தாய்?" என்ற கேள்விக்குப் பலர் விடை எழுதிவிடுவர். "ஏன் அப்படித் தைத்தாய்?" என்ற கேள்வியிலேயே புள்ளிகள் குறைகின்றன. ஆகவே இப்பகுதியில் ஒரு சிறிய பொருளை எடுத்து, ஒவ்வொரு படிமுறையையும் அதற்குரிய காரணத்தோடு கற்போம். அப்பொருள் பொங்கல் அரிசி கொண்டுவரும் சுருக்குப் பை. இது முதன்முறையாக ஊசி பிடிப்பவருக்கும் ஏற்றது.

அறிமுகம்

தைப்பொங்கல் ஜனவரி 14 அல்லது 15ஆம் திகதி வரும். பதுளை மாவட்டத்தில் ஒக்டோபர் முதல் ஜனவரி வரை மழை அதிகம். எல்ல, பண்டாரவளைப் பகுதித் தோட்டங்களில் இருப்போர் பச்சரிசி, பயறு, சர்க்கரை வாங்க மழையோடு டவுனுக்கு இறங்கி, சுமையோடு மீண்டும் மேடு ஏறவேண்டும். மெல்லிய பொலித்தீன் பை பாதி வழியில் கிழிவதும், பின் கானில் அடைபட்டுக் கிடப்பதும் நாம் காண்பவையே.

இலங்கையில் 20 மைக்கிரோனும் அதற்குக் குறைந்த தடிப்பும் உள்ள பொலித்தீன் 2007இல் தடைசெய்யப்பட்டது. 2017 செப்டெம்பர் 1 முதல் பொலித்தீன் உணவுத் தாள் போன்றவையும் தடைசெய்யப்பட்டன. 2025 நவம்பர் 1 முதல் கடைகள் கைப்பிடியுள்ள பொலித்தீன் பைகளை இலவசமாகக் கொடுக்க முடியாது. பழைய பருத்திச் சேலையில் தைத்த பைக்கு இச்செலவு இல்லை. கழுவிக் கழுவிப் பல ஆண்டுகள் பயன்படுத்தலாம்.

தேவையான பொருட்கள்

1. பழைய பருத்திச் சேலையில் 60 செ.மீ. நீளத் துண்டு
2. ஊசி, துணியின் நிறத்துக்கேற்ற நூல், குண்டூசிகள்
3. கத்தரிக்கோல், அளவு நாடா, தையற் சோக்கு
4. கடதாசி (மாதிரி வெட்டுவதற்கு)
5. ஒரு சட்டை ஊசி (கயிறு கோப்பதற்கு)

துணியைத் தெரிவுசெய்தல்

சேலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். இழைகள் விலகி வெளிச்சம் அதிகம் தெரியும் இடம் நைந்த இடம், அதனைத் தவிர்க்கவும். வெட்டுமுன் துணியைக் கழுவி நன்றாக உலர்த்தவேண்டும். பருத்தி நீரில் சுருங்கக்கூடியது. தைத்தபின் சுருங்கினால் பையின் அளவு குறையும், தையலும் இழுபடும்.

சேலையின் நீளப்பக்கமாக ஓடுவது பாவு நூல், குறுக்கே ஓடுவது ஊடை நூல். நெசவின்போது இழுத்துக் கட்டப்படுவது பாவு நூலாதலால் அது பொதுவாக உறுதியானது, குறைவாக நீளும். பையின் சுமை மேலிருந்து கீழாக இழுப்பதால், பையின் உயரம் பாவு நூலின் திசையில் அமையவேண்டும்.

அளவு கணித்தல்

பூரணமான பையின் அகலம் 20 செ.மீ., உயரம் 27 செ.மீ. எனக் கொள்வோம். இதில் 1 கிலோகிராம் அரிசியை இட்டு வாயை இறுக்கிக் கட்டலாம்.

பக்கத் தையலுக்கு ஒரு பக்கத்துக்கு 1.5 செ.மீ. வேண்டும். கயிறு ஓடும் மடிப்புக்கு ஒவ்வொரு முனையிலும் 3 செ.மீ. வேண்டும் (1 செ.மீ. + 2 செ.மீ.).

துணியின் அகலம் = 20 + 1.5 + 1.5 = 23 செ.மீ.
துணியின் நீளம் = 27 + 27 + 3 + 3 = 60 செ.மீ.

முன்புறமும் பின்புறமும் ஒரே துண்டு என்பதால் 27 இருமுறை கூட்டப்பட்டது. சேலையின் அகலம் 110 செ.மீ. அளவில் இருந்தால், அதே 60 செ.மீ. துண்டில் மூன்று பைகள் (69 செ.மீ.) வெட்டலாம். மீதியில் 4 செ.மீ. அகலமான ஆறு பட்டிகள் கயிற்றுக்காகக் கிடைக்கும்.

ஓர் அனுபவம்

நான் பாடசாலையில் படித்த காலத்தில் தைத்த முதற் பைக்கு அடியிலும் தையல் இருந்தது. தையலுக்கென விளிம்பில் இடம் விடவில்லை. முழுவதும் சாதாரண ஓட்டுத் தையல். பொங்கலுக்கு முதல் நாள் அம்மா அதில் அரிசி வாங்கி வந்தார். லயத்துக்கு ஏறும் படிக்கட்டில் அடிமூலை விரிந்து, அரிசி ஈர மண்ணில் கொட்டியது. அம்மா குனிந்து முந்தானையில் அள்ளி எடுத்து, மூன்று தண்ணீரில் கழுவிப் பொங்கினார். என்னைத் திட்டவில்லை. மறுநாள் அந்தப் பையைக் கையில் தந்து, "பிரிச்சு மறுபடி தை புள்ள" என்றார். பிரித்துப் பார்த்தபோதுதான் மூன்று பிழைகளும் தெரிந்தன. கீழே வரும் செய்முறை அம்மூன்றையும் தவிர்க்கிறது.

செய்முறை

1. 60 × 23 செ.மீ. கடதாசி மாதிரியை வெட்டவும். அதன் நீளம் பாவு நூலுக்குச் சமாந்தரமாக இருக்குமாறு துணியில் வைத்துக் குண்டூசி குத்தி, சோக்கினால் வரைந்து வெட்டவும். வெட்டிய துணியை மீண்டும் ஒட்ட முடியாது; எனவே இருமுறை அளந்து ஒருமுறை வெட்டுக.

2. துணியின் நல்ல பக்கம் உள்ளே இருக்குமாறு நீளத்தைப் பாதியாக மடிக்கவும். மடிப்பே பையின் அடியாகும். அடியில் தையல் இல்லை; ஆகவே அங்கே பிரிவதற்கும் ஒன்றுமில்லை.

3. இருபக்கமும் வாயிலிருந்து 5 செ.மீ. கீழே ஓர் அடையாளம் இடவும். அங்கிருந்து அடிவரை, விளிம்பிலிருந்து 1.5 செ.மீ. உள்ளே முதலில் நூலோட்டி, பின்னர் பின்தையல் இடவும். ஒவ்வொரு தையலும் ஏறத்தாழ 3 மி.மீ. இருக்கட்டும். தொடக்கத்திலும் முடிவிலும் மூன்று தடவை ஒரே இடத்தில் தைத்து இறுக்கவும்.

4. பக்க விளிம்புகளைச் சுற்றுத் தையலால் தைக்கவும். இல்லாவிடின் இழைகள் பிரிந்து அரிசியோடு கலக்கும்.

5. மேலே தைக்காமல் விட்ட 5 செ.மீ. பகுதியில், விளிம்புகளை இருபுறமும் விரித்து மடித்து ஓரம் தைக்கவும். இவையே கயிறு வெளிவரும் வாய்கள்.

6. பையின் மேல்விளிம்பை முதலில் 1 செ.மீ., பின்னர் 2 செ.மீ. உட்புறமாக மடித்து, மடிப்பின் கீழோரத்தைத் தைக்கவும். முன்புறத்துக்கு ஒன்று, பின்புறத்துக்கு ஒன்றாகத் தனித்தனியே தைக்கவேண்டும். மின்னழுத்தி இல்லாத வீட்டில் மடிப்பை நகத்தால் அழுத்தி, தடித்த புத்தகங்களின் கீழ் சிறிது நேரம் வைத்தாற் போதும்.

7. 60 செ.மீ. பட்டி இரண்டின் ஓரங்களை உள்ளே மடித்து, மீண்டும் பாதியாக மடித்துத் தைத்தால் 1 செ.மீ. கயிறு கிடைக்கும். சட்டை ஊசியில் கொழுவி, ஒரு கயிற்றை இடப்பக்கத்தில் நுழைத்து இரு மடிப்புகளையும் சுற்றி இடப்பக்கத்திலேயே எடுத்து முடிச்சிடவும். மற்றதை வலப்பக்கத்தில் அவ்வாறே செய்யவும். இரண்டையும் எதிரெதிராக இழுத்தால் வாய் சுருங்கும். பையை நல்ல பக்கம் வெளியே வரத் திருப்பவும்.

ஏன் பின்தையல்?

ஓட்டுத் தையலில் ஒரு தையலுக்கும் அடுத்ததற்கும் இடையில் வெளி இருக்கும். சுமை இழுக்கும்போது அந்த வெளிகள் விரியும். பின்தையலில் ஊசி ஒவ்வொரு முறையும் பின்னோக்கி வந்து வெளியை மூடுகிறது. எனவே தையல் தொடர்ச்சியாகவும் உறுதியாகவும் அமைகிறது. ஓட்டுத் தையல் தற்காலிகமாகப் பிடித்து வைக்கவும், சுருக்கம் வைக்கவும் ஏற்றது.

குடும்பமாகச் செய்தல்

வெட்டுவதைப் பெரியவர் செய்யட்டும். அளப்பதையும் கயிறு கோப்பதையும் சிறுவர் செய்யலாம். தைப்பது அக்காவின் வேலை மட்டுமன்று, அண்ணனும் தைக்கலாம். வேலை முடிந்ததும் குண்டூசிகளை எண்ணி எடுத்து வைக்கவும்.

கவனிக்க: பருத்தி ஈரத்தை உறிஞ்சும். எல்லயின் மழைக்காலப் பனிமூட்டத்தில் அரிசியைத் துணிப்பையில் நெடுநாள் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். வீடு வந்ததும் மூடியுள்ள பாத்திரத்துக்கு மாற்றவும். ஒட்டும் தன்மையுள்ள சர்க்கரையைத் தாளில் சுற்றிய பின்பே பையில் இடவும்.

மாதிரி வினாக்கள்

1. 15 செ.மீ. அகலமும் 20 செ.மீ. உயரமும் உள்ள பைக்கு வேண்டிய துணியின் அளவு யாது?
விடை: அகலம் 15 + 3 = 18 செ.மீ.; நீளம் 40 + 6 = 46 செ.மீ.

2. பையின் அடியை மடிப்பாக அமைப்பதன் நன்மை யாது?
விடை: சுமை தங்கும் இடத்தில் தையல் இல்லாததால் பிரியாது, வேலையும் குறையும்.

3. துணியை வெட்டுமுன் கழுவுவது ஏன்?
விடை: பருத்தி சுருங்குவதால் தைத்தபின் அளவு மாறாமல் இருப்பதற்காக.

தைத்து முடித்ததும் பையில் ஒரு கிலோ அரிசியை இட்டு, கயிற்றில் பிடித்துத் தூக்கி, ஒரு பாத்திரத்துக்கு மேலே பத்து முறை அசைத்துப் பாருங்கள். தையல் விரிந்தால் பிரித்து மறுபடி தையுங்கள். வீட்டிலேயே பிரிந்தால் அரிசி பாத்திரத்தில்தான் விழும்.