விமான நிலையத்திலிருந்து ஓசூருக்கு: மருந்துப் பை உடனிருக்கட்டும்

விமானத்தில் வரும் நோயாளிகள் தேவனஹள்ளியிலுள்ள கெம்பேகவுடா விமான நிலையத்தில் இறங்குகின்றனர். அது பெங்களூருக்கு வடக்கே உள்ளது, ஓசூரோ தெற்கே. ‘வாயு வஜ்ரா’ கேஐஏ-8 பேருந்தில் எலக்ட்ரானிக் சிட்டி வந்து, அத்திப்பள்ளி வழியாக ஓசூர் செல்லும் பேருந்துக்கு மாறலாம். ஏறுமுன் நடத்துநரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

பேருந்து மாறுகையில் பெட்டிகள் தவறக்கூடும். ஆகவே மருந்துகளையும் அறிக்கைகளையும் தனிப் பையிலிட்டு, உடன் வருபவர் தோளிலேயே வைத்திருக்கக் கேட்டுக்கொள்கிறோம். இன்சுலினை விமானத்தின் சரக்குப் பகுதிக்கு அனுப்ப வேண்டாம். உறைந்துபோன இன்சுலினைப் பயன்படுத்தக் கூடாது.

அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் பெட்டியைத் தூக்கலாகாது. நெடுநேரம் அமர்ந்திருக்கையில் கணுக்கால்களை அவ்வப்போது அசைத்தால், கால்களில் இரத்தம் உறையும் அபாயம் குறையும். வேளை மருந்தைப் பயணத்தை முன்னிட்டுத் தவறவிட வேண்டாம்.