தாயின் குருதியும் சேயின் நலமும்

மாத்தளை மாவட்டத்து யட்டவத்தையில் ஒரு பெண் கருவுற்றால், குடும்பநல உத்தியோகத்தர் அவள் இல்லத்திற்கே சென்று பெயரைப் பதிவு செய்கிறார். பின்னர்க் கிளினிக்கில் எடுக்கப்படும் சிறிதளவு குருதி, சிபிலிசு, எச்.ஐ.வி. ஆகிய இரு நோய்களுக்கும் கட்டணமின்றிச் சோதிக்கப்படுகிறது.

இச்சோதனையின் பயன் யாது? எச்.ஐ.வி. தொற்றிய தாய்மார் சிகிச்சை பெறாவிடின், அவர்தம் குழந்தைகளுள் நூற்றுக்கு 15 முதல் 45 வரை அத்தொற்றுக்கு ஆளாகக்கூடும். மருந்தை முறையாக உட்கொண்டால், அத்தொகை 5க்கும் கீழே இறங்கிவிடும். சிபிலிசையோ பெனிசிலின் ஊசி குணப்படுத்தும். உரிய காலத்தில் போட்டால் கருவிலுள்ள குழந்தையும் காக்கப்படும்.

தாயிடமிருந்து சேய்க்கு இவ்விரு நோய்களும் பரவுவதை ஒழித்த நாடென, 2015ஆம் ஆண்டில் கியூபா உலகிலேயே முதன்முதலாகச் சான்று பெற்றது. நாடெங்கும் வீடுவீடாக நடந்த தாய்சேய் நலப்பணியின் பயனாக, 2019ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்கும் அச்சான்றை வழங்கியது.

ஆயினும், சான்றிதழ் ஒன்றே நோய்க்கு அரணாகாது. ஊரார் பழிப்பரோ என்று ஒருத்தி ஒதுங்கினால், துன்பம் அவள் குழந்தையைச் சேரும். சிகிச்சையால் சிபிலிசு நீங்கிய தாய்க்கும், சோதனைக்கு வராத கணவனிடமிருந்து அது மீண்டும் தொற்றலாம். எனவே, தாயின் குருதியைச் சோதிக்கும் நாளில் தந்தையும் உடன் செல்வதே குழந்தைக்கு அவன் அளிக்கும் முதற் காவல்.