வடக்கே போகும் வீதியில் மூன்று வெளிகள்

சித்திரை பிறந்ததும் நம்மவர் பலர் குடும்பத்தோடு நுவரெலியாவுக்குப் புறப்பட்டு விடுகின்றனர். மலர்க் கண்காட்சி பார்த்து, சளிக் காய்ச்சலோடு திரும்பி வருவோரும் உண்டு. விடுமுறை என்றால் மலையேறுவதுதான் என்ற எண்ணம் வெள்ளைக்காரர் நமக்கு விட்டுச் சென்றது. வெயிலுக்கு அஞ்சிய அவர்கள் மலையிலே ஊர் அமைத்துக்கொண்டார்கள். வெயிலில் பிறந்து வளர்ந்த நமக்கு அந்த அச்சம் எதற்கு? அதே சித்திரையில் கீழ்க்கரையின் கடல் அடங்கி, குளம்போலக் கிடக்கிறது. ஆகவே இவ்வாரம் திருகோணமலையிலிருந்து வடக்கே புல்மோட்டைக்குச் செல்லும் வீதியைப் பற்றி, சிறப்பாகக் குச்சவெளியைப் பற்றிச் சொல்லலாமென்று எண்ணுகிறேன்.

முதலிலே ஊர்ப்பெயர்களைக் கவனியுங்கள். பட்டினத்தை விட்டுப் புறப்பட்டால் உப்புவெளி, அடுத்து நிலாவெளி, அதற்கப்பால் ஏறக்குறைய 20 மைலில் குச்சவெளி. ஒரே வீதியில் மூன்று வெளிகள்! வெளி என்பது மறைப்பில்லாத திறந்த நிலம். ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் காடும் நெருங்கி வருகின்ற இடத்தில், நடுவே கிடந்த திறந்த நிலங்களைக் கண்டவர்கள் அப்பெயர்களை இட்டிருக்க வேண்டும். நிலாவெளி என்ற பெயரை வைத்தவன் நிச்சயமாக ஒரு கவிஞன்தான். பூரணையன்று அங்கே ஒருமுறை நின்று பார்த்தவர்கள் என்னோடு வாதாட மாட்டார்கள்.

நான் இந்துக் கல்லூரியொன்றிலே தமிழ் கற்பிப்பவன். நெய்தல் திணையை ஆண்டுதோறும் வகுப்பிலே நடத்துகிறேன். முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று கரும்பலகையில் எழுதுவேன், மாணவரும் எழுதிக்கொள்வர். நெய்தலுக்குரிய சிறுபொழுது எற்பாடு. கதிரவன் சாய்கின்ற பிற்பகல் என்று பொதுவாகப் பொருள் சொல்வோம். கடலிலே சூரியன் மறைகின்ற காட்சியைத்தான் மாணவர் உடனே மனத்தில் வரைகிறார்கள். நீர்கொழும்பிலே அது சரி. குச்சவெளியிலோ சூரியன் கடலிலிருந்து எழுந்து காட்டுக்குப் பின்னால் மறைகிறது. மாலையிலே மரங்களின் நிழல் நீண்டு, மணலைக் கடந்து, மெல்ல நீர்மேல் ஏறும். கரை இருண்ட பின்னும் தொலைவிலே வள்ளங்களின் மேல் வெயில் இருக்கும். போனவரைத் தேடிக் கரையில் நிற்பவள் இருளிலும், போனவர் ஒளியிலும் இருக்கின்ற அந்தச் சில நிமிடங்களைப் பார்த்த பிறகு, நெய்தலுக்கு இரங்கலை ஏன் வைத்தார்கள் என்று என் மாணவருக்கு நான் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கருப்பொருள்களும் அங்கே உயிரோடு இருக்கின்றன. தாழை இருக்கிறது. உப்பளம் இருக்கிறது. பாத்திகளிலே கடல்நீரைத் தேக்கி, வெயிலுக்கு விட்டு, படிந்த உப்பை வாரிக் குவிக்கிறார்கள். சங்கப் பாடல்களில் உமணர் வண்டிகளில் ஏற்றிச் சென்று நெல்லுக்கு மாற்றியது இந்தப் பண்டத்தைத்தான். மழை வந்தால் உப்பு கரையும். சுற்றுலாப் பயணியும் கரைந்து போவான். இரண்டு தொழிலுக்கும் முதலாளி ஒரே வெயில்.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐப்பசி தொடங்கித் தை வரை வடகீழ்ப் பருவக்காற்று. மழையும் பொங்கு கடலும். அப்பொழுது போக வேண்டாம். சித்திரை முதல் ஆவணி வரைதான் தக்க காலம். வைகாசிக்குப் பின் தரைப்பக்கமிருந்து கச்சான் வீசும். அனல் காற்றுத்தான், ஆனால் தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கரையோரத்தில் அலை எழுவதில்லை. அதே மாதங்களில் மேற்குக் கரையிலே தென்மேற்குப் பருவக்காற்று கடலைக் கலக்கிவிடும். அதனாலேதான் நீர்கொழும்பு, சிலாபப் பகுதி மீனவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பருவத்துக்கு இக்கரைக்கு வந்து வாடி அமைத்துத் தொழில் செய்தார்கள். இக்கரையின் அருமையை நமக்கு முன்பே அறிந்தவர்கள் அவர்கள்.

விடியற்காலையில் கரைவலை இழுப்பதைப் பார்க்கத் தவறாதீர்கள். கயிற்றின் ஒரு தலைப்பைக் கரையில் விட்டு, வள்ளம் கடலுக்குள் அரைவட்டமாகப் போய் வலையை இறக்கி, மறுதலைப்போடு திரும்பும். பின் இரண்டு அணிகளாக நின்று இழுப்பார்கள். பத்துப் பேரின் பலம் ஒரே கணத்தில் சேர வேண்டுமல்லவா? அதற்குப் பிறந்ததே அம்பாப் பாடல். ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர் ஏற்றுப் பாடுவர். வடகீழ்க் கரையின் சில இடங்களில் இப்பொழுது உழவு இயந்திரம் வலையை இழுக்கிறது. இயந்திரத்துக்குப் பாட்டு வேண்டியதில்லை. நான் ஒரு பெரியவரிடம், "ஐயா, இப்ப அம்பா பாடுறதில்லையோ?" என்று கேட்டேன். "தம்பி, இழுக்க ஆள் இருந்தால்தானே பாட ஆள் இருக்கும்" என்றார். நாட்டார் பாடல் தொகுக்க விரும்பும் இளைஞர்கள் விடுமுறையிலே குறிப்புப் புத்தகத்தோடு போக வேண்டிய இடம் இது, அதுவும் விரைவாக.

புறாத்தீவை எல்லாரும் அறிவர். நிலாவெளிக் கரையிலிருந்து படகில் சிறிது நேரப் பயணம். மாடப்புறாக்கள் வாழ்வதால் வந்த பெயர். 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசிய பூங்காவாகவும் பிரகடனம் செய்யப்பட்டது. கடல் சூடேறி 1998இல் நாட்டின் பல பவளப்பாறைகள் வெளுத்து அழிந்தபோது பெரும்பாலும் தப்பியது இதுவே. வெப்பத்துக்குத் தப்பியது மனிதக் காலுக்குத் தப்புமா என்பதுதான் என் கவலை. பவளம் கல்லன்று, உயிர். அதன்மேல் ஏறி நின்று படம் எடுப்பவர்களைக் கண்டால் எனக்கு ஆத்திரம் வருகிறது. ஆடித் திங்களின் கூட்டத்தைத் தவிருங்கள். போனால் மிதந்து பாருங்கள், மிதித்துப் பார்க்காதீர்கள்.

இனி குச்சவெளிக்கே வருவோம். அங்கே கடலோரப் பாறையொன்றில், கி.பி. 5ஆம் நூற்றாண்டுக்கும் 8ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டதாகக் கருதப்படும் வடமொழிச் சாசனம் இருக்கிறது. பக்கத்திலே கட்டம் கட்டமாகச் சிறு தூபிகளின் உருவங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். இப்புண்ணியத்தால் பிறவிதோறும் உலகின் துன்பத்தைப் போக்கும் ஆற்றல் எனக்கு வேண்டும் என்பது அதன் கருத்து. இன்னும் வடக்கே திரியாயிலும் ஒரு வடமொழிச் சாசனம். பல்லவக் கிரந்தத்தை ஒத்த எழுத்து; அங்குள்ள சைத்தியத்தை அமைத்ததாக இரு வணிகர்களின் பெயரைச் சொல்கிறது. மணிமேகலையைப் படித்தவர்களுக்கு இந்தக் கடல்வழியும் அதில் வந்த சமயமும் புதியனவல்ல. இன்று இத்தகைய கற்களை வைத்து நிலம் யாருடையது என்ற வழக்கு நடக்கிறது. துன்பம் போக்க வேண்டிய கல்லைத் துன்பத்துக்குக் காரணமாக்குவது எழுதியவனுக்குச் செய்யும் மரியாதையன்று.

இதை ஏன் சொல்கிறேனென்றால், இவ்வீதியில் அழகை மாத்திரம் பார்த்துக்கொண்டு போக முடியாது. திரியாய் மக்கள் 1985இன் வன்செயலால் ஊரை விட்டு நெடுங்காலம் அகதிகளாக வாழ்ந்தவர்கள். 2004 டிசம்பர் 26இல் கடல் இக்கரையை அடித்தது. யுத்தம் 2009இல் முடியும்வரை, இவ்வீதியில் உல்லாசமாகப் போய்வருவது நினைக்க முடியாத காரியம். ஒரு தலைமுறை மாணவர் தம் மாவட்டத்தின் வடபாதியைப் பாராமலே வளர்ந்தனர். அவர்களிற் பலர் இன்று ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருக்கிறார்கள். ஊருக்கு வரும்பொழுது பெரிய ஹோட்டலின் மதிலுக்குள்ளேயே பத்து நாளைக் கழித்துத் திரும்புகிறார்கள். அவர்களிடம் என் வேண்டுகோள் சிறியது. ஒருநாளாவது ஊர்க் கடையில் மீன்குழம்போடு சோறு தின்னுங்கள். வாடியிலே நேரே மீன் வாங்குங்கள். ஆனி, ஆடியிலே வீதியோரத்தில் சிறுவர் விற்கும் பாலைப்பழத்தை வாங்குங்கள். பால் உதட்டிலே ஒட்டும்; அதற்கு அஞ்ச வேண்டாம். பேரம் மட்டும் பேசாதீர்கள்.

போவதற்குத் திருகோணமலைப் பஸ் நிலையத்திலிருந்து புல்மோட்டை பஸ் இருக்கிறது. காலையில் முதல் வண்டியைப் பிடித்து, வலப்பக்க யன்னலோரத்தில் இடம் பிடியுங்கள். கடல் அந்தப் பக்கம்.