ஐபாட் திடீர்னு மக்கர் பண்ணுதா? பாட்டு அழியாம சரி செய்யலாம்!

பரணில் கிடந்த பழைய ஐபாடை எடுத்து பட்டனை அமுக்கினால் அசைவே இல்லை. இல்லாவிட்டால் பாதி பாட்டில் திரை அப்படியே நின்று விடுகிறது. பதறிப்போய் கம்ப்யூட்டரில் மாட்டி 'ரீஸ்டோர்' பட்டனை தட்டி விடுகிறார்கள் பலர். அங்கேதான் வினை! உள்ளே இருப்பது மொத்தமும் காலி.

2001-ல் வந்த ஐபாடுக்கு 2022-ல் ஆப்பிள் நிறுவனம் மூடுவிழா நடத்தி விட்டது. கேசட்டில் இருந்து மாற்றி வைத்த பாட்டி குரல் அதில் மட்டும்தான் இருக்கிறது என்றால், போனது போனதுதான்.

'ரீசெட்' வேறு, 'ரீஸ்டோர்' வேறு. முதலாவது, அணைத்து மறுபடி போடுவது மாதிரி. பாட்டுக்கு ஆபத்து இல்லை. இரண்டாவது, சிலேட்டை துடைப்பது மாதிரி.

முதலில் என்ன செய்யணும்?

* மேலே உள்ள 'ஹோல்டு' சுவிட்சில் ஆரஞ்சு நிறம் தெரிந்தால் பட்டன் எதுவும் வேலை செய்யாது. ஒருமுறை தள்ளி, திரும்ப இழுத்து விடுங்க.

* அரை மணி நேரமாவது சார்ஜ் போடுங்க. பேட்டரி சுத்தமாக இறங்கி இருந்தாலும் செத்த மாதிரிதான் கிடக்கும்.

* வட்ட பட்டன் உள்ள கிளாசிக், மினி, நானோ மாடல் என்றால் 'மெனு'வையும் நடு பட்டனையும் சேர்த்து 10 வினாடி வரை அமுக்குங்க. ஆப்பிள் படம் வந்தால் பிழைத்தது. திரை இல்லாத 'ஷஃபிள்' என்றால் அணைத்து, 10 வினாடி கழித்து போட்டால் போதும்.

அப்பவும் சரியாகலையா?

ஆப்பிள் படம் வந்ததும் நடு பட்டனையும் 'பிளே' பட்டனையும் சேர்த்து அமுக்கினால் 'டிஸ்க் மோடு' வரும். இப்போது கம்ப்யூட்டரில் மாட்டினால் பென் டிரைவ் மாதிரி தெரியும். மறைந்திருக்கும் ஃபைல்களை காட்டச் சொல்லி, 'ஐபாட் கன்ட்ரோல்' ஃபோல்டருக்குள் உள்ள 'மியூசிக்' ஃபோல்டரை அப்படியே காப்பி எடுங்க. ஃபைல் பெயர் நாலு எழுத்தில் கன்னாபின்னா என்று இருக்கும். பயப்பட வேண்டாம், ஐடியூன்சில் போட்டால் பாட்டு பெயர் வந்து விடும்.

உஷார்!

வேறு கம்ப்யூட்டரில் மாட்டும்போது 'அழித்து விட்டு சிங்க் செய்யவா?' என்று கேட்டால் 'கேன்சல்' கொடுங்க. 'ஃபார்மட் செய்யவா?' என்றாலும் வேண்டாம். உள்ளே 'டிக் டிக்' சத்தம் கேட்டால் ஹார்டு டிஸ்க் போகப்போகிறது என்று அர்த்தம். மேலே நோண்டாமல் டேட்டா மீட்கத் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுப்பதே நல்லது.

காப்பி கைக்கு வந்த பிறகு 'ரீஸ்டோர்' பட்டனை தாராளமாக தட்டலாம்!